ஏழாவது மரத்துக் கட்டு

எங்கள் தெருவில் நின்ற ஆறு புங்க மரங்களை வெட்டியது நீங்கள்தான், தெருச் சங்கத் தலைவரே. ஆள் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெட்டுகிறவர்களுக்கு டீயும் வாங்கிக் கொடுத்து வெட்டினீர்கள். கேட்கிறவர்களிடமெல்லாம் "மரம் வலுவில்லீங்க, அதான் எடுத்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டு இருக்கிறீர்கள். அது பொய். பொய் என்று உங்களுக்கும் தெரியும்.

மொத்தம் ஏழு மரம் இருந்தது. ஏழாவது காற்றில் விழுந்தது. அதற்கு நீங்கள் காரணம் இல்லை. யார் காரணம் என்பதையும் இதில் எழுதப் போகிறேன். எழுதாமல் இருந்தது போதும்.

உங்களுக்கு என்னைத் தெரியும். தெருவுக்குப் புதிதாக வந்து இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறேன். தைத்து வரும் பீஸை விரித்துப் பார்த்து, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று தேடி, தொங்கும் நூலை டிரிம்மரால் வெட்டிப் போடுகிற வேலை. சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். பதினெட்டு வயதில் பஸ் ஏறி வந்தவள், இங்கேயே தங்கிவிட்டேன். என் வீட்டுக்காரர் சேவூர்க்காரர். கட்டிங் மாஸ்டர். தெருவில் எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தபோது பழகிக் கல்யாணம் செய்துகொண்டோம். அவருக்குக் குரலே எழும்பாது. எனக்கு அது இறங்காது.

அந்த மனுசர் எல்லாருக்கும் 'ங்க' போடுவார். பால்காரர், முதலாளி, வழி மறித்து நிற்கிற மாடு, எல்லாவற்றுக்கும். கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது "சித்த குடியுங்க" என்று சொல்லிக்கொண்டே ஊற்றுவார். "செடி என்ன உங்க பெரியப்பாவா?" என்று கேட்டால், "மரியாதையாக் கேட்டா சீக்கிரம் வளரும் அம்மிணி, உனக்கு அதெல்லாம் எங்க தெரியப்போவுது" என்பார்.

நல்லூர்ப் பக்கம் இந்தத் தெருவுக்கு நாங்கள் வாடகைக்கு வந்தபோது ஒரு மரம் கிடையாது. வீடு, தையல் யூனிட், வீடு, நிட்டிங் யூனிட், மறுபடி வீடு. அப்போது நான் தெருமுனை யூனிட்டில்தான் வேலை பார்த்தேன். உள்ளே மெஷின் சூட்டில் உட்கார முடியாது. அதனால் மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவோம். தெருவில் நிழல் என்று இருந்தது, துணி ரோல் ஏற்றி வந்து நிற்கும் லாரியின் நிழல் ஒன்றுதான். அதன் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவோம். ஒருநாள் பாதிச் சாப்பாட்டில் டிரைவர் வந்தார். "எந்திரிங்கம்மா, வண்டிய எடுக்கோணும்." எழுந்தோம். லாரி போய்விட்டது. சுடுகிற ரோட்டில், கையில் பிசைந்த சோற்றோடு, எங்கே போவது என்று தெரியாமல் அத்தனை பேரும் நின்றோம். என் வீட்டுக்காரர் அன்றைக்கு மொபெட்டில் எதிரே வந்துகொண்டிருந்தார். நிறுத்திப் பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேவூர் போனார். அவருடைய அப்பா காட்டில் கிணற்றோரம் ஒரு பெரிய புங்கன் நிற்கிறது. அதன் கீழே தானாக முளைத்துக் கிடந்த கன்றுகளில் ஏழைப் பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றி, மொபெட்டின் முன்னால் வைத்துக் கொண்டுவந்தார்.

"ஏழு எதுக்கு? நம்ம வாசலுக்கு ஒண்ணு போதாது?"

"நீங்க பன்னெண்டு பேரு ஒரு மரத்தடியில எப்படி உக்காருவீங்க?"

அதுதான் அவர். எனக்குப் பூ வாங்கிக் கொடுத்த மனுசர் இல்லை. எனக்காக ஒரு தெருவுக்கு மரம் வைத்தார்.

வைத்துவிட்டால் ஆயிற்றா? எங்களுக்குக் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒரு முறை வரும், சில நேரம் அதுவும் தள்ளிப்போகும். போர் தண்ணீர் உப்பு. பாத்திரம் அலசிய தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர், துணி கடைசியாக அலசிய தண்ணீர் என்று ஒரு சொட்டு சாக்கடைக்குப் போகாது. அவர் குளிப்பதே ஒரு பெரிய தட்டத்துக்குள் நின்றுதான். அந்தத் தண்ணீரையும் மொண்டு கன்றுக்கு ஊற்றுவார். சோப்புப் போட்ட தண்ணீர் ஆகாது என்று சோப்புப் போடாமலே பல நாள் குளித்தார். "மாஸ்டர் பக்கத்துல நிக்க முடியலடி" என்று கம்பெனியில் என்னிடம் கிண்டல் செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

தீபாவளி, பொங்கல் என்றால் இந்த ஊரே காலியாகிவிடும். கம்பெனிகளுக்குப் பூட்டு. தெற்கத்திக்காரர்கள் எல்லாரும் பஸ் பிடித்துப் போய்விடுவார்கள். வாரம், பத்து நாள் தெருவில் ஒரு மெஷின் சத்தம் கேட்காது. கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றவும் ஆள் இருக்காது. அதனால் முதல் மூன்று வருடம் நாங்கள் பொங்கலுக்கு என் ஊருக்குப் போகவில்லை. என் அம்மா போனில் திட்டினாள். "ஏத்தா, செடிக்குத் தண்ணி ஊத்தணும்னு பெத்தவளப் பாக்க வராதவ உலகத்துலயே நீ ஒருத்திதான். அந்த மரமா உனக்கு வாய்க்கரிசி போடப்போகுது?" நான் போனை அவரிடம் கொடுத்தேன். அவர், "அடுத்த வருசம் கண்டிப்பா வர்றோமுங்க அத்தை. இப்பத்தானுங்க துளிரு உட்டிருக்குது" என்றார். அம்மாவுக்கு அந்தப் பேச்சு பாதி புரியாது. ஆனால் 'ங்க'வுக்கு மயங்கி அடங்கிவிடுவாள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இதைப் படிப்பவர்கள் கவனமாகப் படியுங்கள்.

இந்த ஊரில் எதைக் கட்டுவதாக இருந்தாலும் பனியன் வேஸ்ட்தான். கட்டிங் டேபிளில் மிஞ்சும் துண்டுத் துணி. வண்டி துடைக்க, பாத்திரம் பிடிக்க, பந்தல் கட்ட, உடைந்த கேட்டைக் கட்ட எல்லாவற்றுக்கும் அதுதான். கன்று வைத்தால் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு அதோடு சேர்த்துக் கட்டுவதும் பனியன் வேஸ்ட்டால்தான். அது பஞ்சுத் துணி. தண்டு பருக்கப் பருக்க இழுத்துக் கொடுக்கும். இரண்டு மழை பெய்தால் மக்கித் தானாக விழுந்துவிடும். அதனாலேயே கட்டியதை அவிழ்க்கிற பழக்கம் இங்கே யாருக்கும் கிடையாது. கட்டுவோம், மறந்துவிடுவோம்.

ஆறு கன்றுகளையும் அவர் வெள்ளைப் பஞ்சுத் துணியால் கட்டினார். ஏழாவது தெருமுனையில், உங்கள் வீட்டுக்கு முன்னால் இருந்தது தலைவரே. ஆள் உயரம் வந்த பிறகும் அந்தக் கன்றை ஒரு ஆடு இரண்டு தடவை கட்டோடு இழுத்துச் சாய்த்துவிட்டது. இரண்டாவது தடவை எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. அந்தச் சமயம் எங்கள் யூனிட்டில் ஸ்போர்ட்ஸ் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. பாலியஸ்டரும் லைக்ராவும் கலந்த துணி, பளீரென்ற ரோஸ் கலர். அதன் வேஸ்ட்டை எடுத்து வந்து, மூன்று பிரியாகப் பின்னி, கன்றையும் குச்சியையும் சேர்த்துச் சுற்றிச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டேன்.

அவர் வந்து பார்த்தார். "என்ன அம்மிணி, மரத்துக்குச் சடை பின்னிட்ட?"

"இனிமே ஆடென்ன, யானை வந்து இழுத்தாலும் வராது."

"அது மக்காத துணியாச்சே. பொறவு மறக்காம அவுத்து உட்றோணும்."

"அவுக்கலாம் அவுக்கலாம். மொதல்ல பொழைக்கட்டும்."

பிழைத்தது. நான் அவிழ்க்கவில்லை. அந்த ஆர்டர் முடிந்தது, நான் அனுப்பர்பாளையத்தில் வேறு கம்பெனிக்கு மாறினேன், அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று, வாழ்க்கை ஓடியது. குச்சி இற்று விழுந்தது. கட்டு மரத்துக்குள் போய்விட்டது. பட்டை அதன் மேல் வளர்ந்து மூடிக்கொண்டது. நெஞ்சு உயரத்தில் ஒரு வளையம் மாதிரி வீக்கம் மட்டும் தெரிந்தது. அவர் சில நேரம் அதைத் தடவிப் பார்ப்பார். "இதுல மட்டும் ஒரு முடிச்சாட்ட இருக்குது, ஏன்னு தெரியல" என்பார். அந்த வீக்கத்தில் தோளைச் சாய்த்துக்கொண்டுதான் நான் தினமும் கம்பெனி வேனுக்கு நின்றேன். எனக்கும் நினைவு வரவில்லை. கடவுள் மேல் ஆணையாக வரவில்லை.

மரங்கள் வளர்ந்துவிட்டன. அதைப் பற்றி நீட்டி எழுத எனக்கு இப்போது தெம்பில்லை. இவ்வளவு சொல்கிறேன். மதியம் ஒரு மணிக்குத் தெருவில் போனால் மரத்துக்கு மூன்று நான்கு பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நிட்டிங் யூனிட்டில் வேலை செய்கிற வடக்கத்திப் பையன்கள் அடுத்த மரத்தடியில் படுத்துக்கொண்டு ஊருக்கு வீடியோ கால் பேசுவார்கள். போனைத் திருப்பி மரத்தைக் காட்டுவார்கள். கோடையில் பூ கொட்டினால் ரோடே தெரியாது. உங்கள் வீட்டம்மா சீமாறோடு வந்து, "இந்தப் பூவக் கூட்டிக் கூட்டியே எனக்கு இடுப்பு போச்சுங்கக்கா" என்று என்னிடம் சண்டைக்கு நிற்பார். "பூ விழுகுற வாசல்ல வாக்கப்பட்டிருக்கீங்களே, அதுக்குச் சந்தோசப்படுங்க" என்று நானும் விடமாட்டேன். அவர் சிரித்துவிடுவார். நல்ல மனுசி.

உங்கள் காரை எங்கே நிறுத்துவீர்கள் தலைவரே? ஏழாவது மரத்தின் நிழலில். வேறு யாராவது அங்கே வண்டியை நிறுத்தினால் ஹாரன் அடித்தே எழுப்புவீர்கள். "அது நம்ம எடமுங்க" என்பீர்கள். அந்த நிழலுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றியது உண்டா? கேட்கவில்லை, விடுங்கள். நிழலுக்கு வரி கிடையாது.

அப்புறம் தெருவில் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற உங்கள் ஜாப் ஒர்க் யூனிட் பெரிதானது. சின்ன டெம்போ வந்துகொண்டிருந்த இடத்துக்குப் பெரிய லாரி வர ஆரம்பித்தது. அது திரும்பும்போது கிளைகள் இடித்தன. "மாஸ்டர், இதக் கொஞ்சம் கழிச்சு உடுங்க" என்றீர்கள். அவர் அரிவாளோடு ஏறி, இடிக்கிற கிளையை மட்டும் பார்த்துப் பார்த்துக் கழித்தார். மறுபடி சொன்னீர்கள், மறுபடி கழித்தார். மூன்றாவது தடவை சொன்னது எனக்கு நினைவிருக்கிறது, நான் பக்கத்தில்தான் இருந்தேன். "இப்படியே கழிச்சுட்டு இருக்கறதுக்கு ஒரேடியா எடுத்துட்டாத் தொல்லை தீந்துதுங்களே மாஸ்டர்?" அவர் சிரித்து, "அதுக்கென்னங்க, நான் இருக்கறவரைக்கும் கழிச்சுத் தர்றனுங்க" என்றார்.

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவசர ஆர்டர் என்று எங்களுக்கு அரை நாள் வேலை. மதியம் வேன் தெருமுனைக்கு வரும்போது கூட்டம் நின்றது. ஆடிக் காற்று என்றால் இந்தப் பக்கம் தகரக் கூரையே பறக்கும். ஏழாவது மரம் நெஞ்சு உயரத்தில் முறிந்து உங்கள் கார் மேல் கிடந்தது. பின்பக்கக் கண்ணாடி நொறுங்கிவிட்டது. யாருக்கும் அடி இல்லை. நல்லவேளை என்று நானும் சொன்னேன்.

கிட்டே போனேன். முறிந்த இடத்தைப் பார்த்தேன். மரத்துக்கு நடுவே, வளையமாக, ரோஸ் துணி.

இத்தனை வருடத்தில் சாயம்கூடப் போகவில்லை. நான் பின்னிய பின்னல் அப்படியே தெரிந்தது. அதைச் சுற்றி மரம் வளர முடியாமல் இடுங்கிப்போய், உள்ளே கறுத்துக் கிடந்தது. நான் செக்கிங் வேலை பார்க்கிறவள். எது எதனால் கிழிந்தது என்று பார்த்ததும் சொல்லிவிடுவேன். அன்றைக்கும் தெரிந்துவிட்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பையிலிருந்து டிரிம்மரை எடுத்தேன். விழுந்த கிளையை விலக்குகிறவள் மாதிரி குனிந்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த துணியை நறுக்கி, டிபன் பைக்குள் போட்டுக்கொண்டேன். உள்ளே பதிந்திருந்ததன் மேல் மண்ணை எடுத்துத் தேய்த்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது நீங்கள் அவரிடம் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

"ஏனுங்க மாஸ்டர், என்ன மரமுங்க வெச்சீங்க? ஒரு காத்துக்கு நிக்கலைங்களே. மத்ததும் இதே சாதிதானுங்க? கொழந்தைங்க மேல உழுந்திருந்தா?"

"மத்த ஆறும் நல்லா இருக்குதுங்க. நான் பாத்துட்டேதான் இருக்கறனுங்க."

"அப்ப இது ஏனுங்க உழுந்துச்சு?"

அவர் முறிந்த அடிமரத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பதில் சொல்லவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். நானும் சொல்லவில்லை.

சாயங்காலம் பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம் போட்டீர்கள். "ஒரே சாதி மரம், ஒரே வயசு, ஒண்ணு உழுந்தா எல்லாம் உழும். எடுத்தர்றது நல்லதுன்னு நெனைக்கறவங்க கை தூக்குங்க" என்றீர்கள். கார் மேல் கிடந்த மரத்தை எல்லாரும் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். பயந்திருந்தார்கள். பூவோடு சண்டை போட்டவர்களும் தூக்கினார்கள், நிழலில் சாப்பிட்டவர்களும் தூக்கினார்கள். அங்கே எழுந்து நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். "அந்த ஒரு மரத்தைத்தான் நான் லைக்ராவில் கட்டினேன். அவிழ்க்க மறந்தேன். அதனால்தான் அது முறிந்தது. மற்ற ஆறும் பஞ்சுத் துணி. வந்து பாருங்கள், ஒன்றிலும் வீக்கம் இல்லை." இவ்வளவுதான். சொல்லியிருந்தால் பாதிக் கை இறங்கியிருக்கும். எதற்கும் வாயை மூடாதவள் அன்றைக்கு மூடிக்கொண்டேன். காருக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டி வருமோ என்ற பயம் ஒன்று. அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் பெரிய பயம்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆட்கள் வந்தார்கள். மூன்று பேர், மெஷின் ரம்பம், கயிறு. நாங்கள் இரண்டு பேரும் லீவு போட்டிருந்தோம். நான் வாசலில் நின்று கத்தினேன். யாரைத் திட்டினேன், என்ன திட்டினேன் என்று தெரியாது. அவர் என்னைத் தாண்டிப் போய் வெட்டுகிறவர்களிடம் நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அன்றைக்காவது அடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

"அந்தக் கெளைய மட்டும் கயித்துல கட்டி மெதுவா எறக்குங்க. தவுட்டுக்குருவிக் கூடு இருக்குதுங்க" என்றார்.

அவர்கள் நல்லவர்கள். கயிறு கட்டி இறக்கிக் கொடுத்தார்கள். இரண்டு கையாலும் கூட்டை வாங்கிக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஆறும் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். வேறு மரம் அந்தத் தெருவில் இல்லை. கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நடு ரோட்டில் நின்றார். லாரி போன பிறகு சோற்றோடு நாங்கள் நின்ற மாதிரியே நின்றார்.

முதல் மரத்தின் அடியை அறுக்கும்போது ரம்பம் திணறியது. வெட்டுகிறவர் அதை நிறுத்திவிட்டு உங்களிடம் வந்தார். நானும் கேட்டேன், பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்டார்கள். "ஏனுங்க, மரம் கல்லாட்ட இருக்குதுங்க. இதுல எங்கீங்க வலுவில்ல? ஒரு பொந்தில்ல, ஒரு பூச்சியில்ல. மத்ததையும் எடுக்கோணுமாங்க?"

நீங்கள் நாற்காலியிலிருந்து எழாமல், "பேசுன வேலைய முடிங்க" என்றீர்கள்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இதை எழுதுகிறேன். அதுவரை நீங்கள் பயத்தில் செய்தீர்கள் என்று நானும் மனசைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். முதல் மரத்தை அறுத்துப் பார்த்ததும் தெரிந்துவிட்டதே? அதற்கப்புறம் ஐந்து மரம் நின்றது தலைவரே. ஐந்து.

கூட்டைக் கடைசியில் எங்கள் வீட்டு ஜன்னல் ஸ்லாப் மேல் வைத்தார். குருவிகள் ஒயரில் உட்கார்ந்து இரண்டு நாள் கத்தின. கிட்டே வரவில்லை. மூன்றாம் நாள் காணோம்.

அன்றிலிருந்து அவர் எங்கள் தெரு வழியாக வேலைக்குப் போவதில்லை. பின்சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார். குளிக்கும்போது தட்டத்துக்குள் நிற்பதில்லை. சோப்பு நிறையப் போட்டுக் குளிக்கிறார். அந்தத் தண்ணீர் சாக்கடைக்கு ஓடுகிற சத்தம் எனக்குச் சமையல்கட்டில் கேட்கும். என்னால் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க முடிவதில்லை.

பொங்கலுக்கு எல்லாரும் ஊருக்குப் போனார்கள். எங்களுக்கும் இப்போது போகத் தடை ஒன்றும் இல்லை. தண்ணீர் ஊற்ற எதுவும் இல்லை. அம்மாதான் இல்லை, இரண்டு வருடத்துக்கு முன்னாலேயே போய்விட்டாள். காலியான தெருவில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் சொன்னேன். டிபன் பையின் அடியில் வைத்திருந்த ரோஸ் துணியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"நான்தாங்க. நான் கட்டுனதுதான். அவுக்க மறந்துட்டேன்."

அவர் துணியைத் தொடவில்லை. "தெரியும்" என்றார்.

"எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே. நீ மண்ணத் தேச்சயல்ல, அப்பப் பாத்தேன்."

"அப்புறம் ஏன் கூட்டத்துல சொல்லல? மத்த ஆறும் பஞ்சுத் துணின்னு உங்களுக்குத் தெரியுமுல்ல?"

"நீயே மறைக்கறப்ப, நான் எந்திரிச்சு ஊரு முன்னால எம் பொண்டாட்டிதான்னு கை காட்டறதா அம்மிணி?"

நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கு உம்மேல கோவமில்லைன்னு நெனச்சுக்காத. இருக்குது. என்ன பண்றதுன்னுதான் தெரியல."

அவர் என்னிடம் அவ்வளவு கடுமையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. குரல் எழும்பவே இல்லை.

ஆக, ஆறு மரமா நானா என்று வந்தபோது அவர் என்னைக் காப்பாற்றினார். ஆறு மரத்தையும் கொடுத்து. அதை நான் கேட்கவில்லை. ஆனால் வாங்கிக்கொண்டேன்.

இப்போது நீங்கள் இன்னொன்று சொல்லியிருக்கிறீர்கள். தெருவுக்குக் கல் பதிக்கப் போகிறீர்கள், அதற்கு முன்னால் ஜேசிபி வைத்து அடிக்கட்டைகளை வேரோடு எடுக்கப் போகிறீர்கள். வாட்ஸப் குரூப்பில் உங்கள் குரலிலேயே கேட்டேன். "பாதுகாப்பில்லாத மரங்கள்" என்று அதிலும் சொல்கிறீர்கள்.

மூன்றாவது கட்டை துளிர்த்திருக்கிறது. போன வாரம் பார்த்தேன். பட்டைக்கும் ரோட்டுக்கும் நடுவே நான்கைந்து குருத்து, செம்பு நிறத்தில், பளபளவென்று. அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை, இதைப் படிக்கிறவர்களும் சொல்லிவிட வேண்டாம். அவர் அந்தப் பக்கம் வருவதும் இல்லை. சொல்லி, அவர் வந்து பார்த்து, மறுபடி சோப்பில்லாமல் குளிக்க ஆரம்பித்து, அதன் பிறகு உங்கள் ஜேசிபி வந்தால்? அந்த மனுசர் தாங்கமாட்டார். ஒரு மரத்தை ஒரு தடவைதான் அவர் முன்னால் வெட்ட முடியும்.

அதனால்தான் முதலில் உங்களிடம் கேட்கிறேன். என் பங்கை நான் எழுதிவிட்டேன். ஏழாவது மரத்தைக் கொன்றது என் கட்டு. மற்ற ஆறும் சாகிறபோது வாயை மூடிக்கொண்டு நின்றதும் நான்தான். தெருவில் இதைப் படிக்கிறவர்கள் என்னைத் திட்டட்டும். உங்கள் கார் கண்ணாடிக்கும் நானே பதில் சொல்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார் கோயில் முன்னால் நடக்கிற கூட்டத்தில், அன்றைக்குக் கை தூக்கச் சொன்ன அதே இடத்தில் நின்று, இதையே சத்தமாகச் சொல்லப் போகிறேன். என் வீட்டுக்காரரையும் கூட்டி வருவேன்.

நீங்களும் எழுந்து நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்து "பேசித் தீத்துக்கலாமுங்க" என்று தனியாகப் பேசாதீர்கள், அந்த 'ங்க' எனக்கு வேண்டாம். மைக்கைப் பிடித்து, அத்தனை பேர் முன்னால் சொல்லுங்கள். பொது ரோட்டில் நின்ற மரத்தை வெட்ட யாரிடம் அனுமதி வாங்கினீர்கள்? அந்தத் தாளைக் காட்டுங்கள். முதல் மரம் கல் மாதிரி இருக்கிறது என்று வெட்டியவரே வந்து சொன்ன பிறகும் மற்ற ஐந்தையும் எதற்கு வெட்டினீர்கள்? குழந்தைகளுக்காகவா, உங்கள் லாரி திரும்புவதற்காகவா?

பதிலைச் சொல்லுங்கள். என் வீட்டுக்காரர் காதில் விழுகிற மாதிரி சொல்லுங்கள். அதற்கப்புறம் ஜேசிபியைக் கூப்பிடுங்கள், பார்க்கலாம்.